நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

அத்தியாயம் 14

போன வாரம் கையேட்டுக்காரரைக் காதில் போனோடு நடுக்கூடத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். யாரோ ஒரு வாசகி பதிவு செய்து வைத்திருந்த செய்தியை அவர் மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், உங்க புத்தகத்துல நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம், ஏழாவது படி. அப்படியே செஞ்சேன். இப்ப டிஸ்க்குல ஒண்ணுமே இல்ல சார். சனிக்கிழமை நேர்ல வரோம்."

அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் அன்றைக்கே தேறியிருப்பார்.

இன்று சனிக்கிழமை. காலை மணி ஒன்பது.

"என்னங்க, வீட்ல உக்காந்து எழுதறதுக்கு இஸ்திரி போட்ட சட்டையா?" என்றாள் மனைவி. "யாராவது வராங்களா?"

"ஒரு வாசகர்."

"பாராட்டவா, திட்டவா?"

"தெரியல. ஒரு படியை மறுபடி சோதிக்கணும். கொஞ்சம் உக்காரு."

"எந்தப் புத்தகம்?"

"பத்திரப்படுத்தற புத்தகம். ஆறாம் பதிப்பு."

"அது அச்சாகி மூணு மாசம் ஆச்சே! புள்ள பொறந்து தவழ ஆரம்பிச்ச பிறகு ஸ்கேன் எடுக்கறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

இந்த வீட்டில் கம்ப்யூட்டர் கையேடு எழுதுவதுதான் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம், பத்தொன்பது புத்தகம். எழுதுவது அவர். வாசகர்களுடைய கேள்விகளுக்குப் பதில் போடுவது மகள், அலுவலகம் இல்லாத நாட்களில். முப்பது வயதாகி அப்பாவைவிட அரை அடி உயர்ந்துவிட்ட அவளுக்கு வீட்டில் இன்னமும் பொடிசு என்றுதான் பெயர். சோதிப்பது மனைவி. அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்பதை இதுவரை விவரமாகச் சொன்னதில்லை. இன்று சொல்லியே ஆக வேண்டும்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அவள் திரைக்கு முன்னால் உட்காருவாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவார். திரையைப் பார்த்தால் வாய் தானாக உதவிக்கு ஓடிவிடும்; வாசகர் வீட்டில் உதவிக்கு யாரும் இருக்கப் போவதில்லை. ஒரு படியை வாசிப்பார். அவள் அதை மட்டும் செய்வாள். முடிந்தால் "ஆச்சு" என்பாள். முடியாவிட்டால் "புரியல" என்பாள். "ஆச்சு" வந்தால் பென்சிலால் ஒரு டிக். "புரியல" வந்தால் அந்தப் படியை மொத்தமாக மாற்றி எழுதுவார்.

விதி ஒன்றே ஒன்று. சொன்னதைச் செய்ய வேண்டும், சொல்லாததைச் செய்யக் கூடாது.

முதல் புத்தகத்தின்போது "மவுஸை மேலே கொண்டு செல்லவும்" என்று வாசித்துவிட்டு அவர் காத்திருந்தார். "ஆச்சு" வரவேயில்லை. கடைசியில் திரும்பிப் பார்த்தால், அவள் மவுஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு மேல?" என்று கேட்டாள். அந்தப் படிக்கு "மேசையை விட்டு எடுக்காமல்" என்ற சொற்கள் அப்படித்தான் வந்தன. அந்தச் சொற்களுக்காக மட்டும் நன்றி சொல்லி எழுபது கடிதம் வந்தது.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் ஒரு ஹார்டு டிஸ்க்கை இன்னொன்றில் அப்படியே நகல் எடுப்பதைப் பற்றியது. டிஸ்க் என்பது சுழலும் தட்டு. என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுபோகும். அது நிற்பதற்குள் அதே அளவில் புதிது ஒன்று வாங்கி, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒன்று விடாமல் பிரதி எடுத்துவிட வேண்டும். அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெட்டிகள். எதிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு பெட்டியில் காட்ட வேண்டும், எதில் எழுத வேண்டும் என்று மற்றதில். பொத்தானை அழுத்திவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இரண்டில் எந்த டிஸ்க்கில் உங்கள் உயிர் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. நீங்கள் காட்டியதை நம்பும்.

வழக்கத்துக்கு மாறாக இன்று அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"படி ஏழு. மேல் பெட்டியில் உங்கள் பழைய டிஸ்க்கையும் கீழ்ப் பெட்டியில் புதிய டிஸ்க்கையும் தேர்ந்தெடுக்கவும்."

மவுஸ் சரசரவென்று நகர்ந்தது.

"ஆச்சு."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன படிச்சேன்?"

"மேல பழசு, கீழ புதுசு."

"நீ எங்க வெச்சிருக்க?"

அவள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

"கீழ... பழசு."

"ஏன்?"

"கீழதானே 'எதிலிருந்து'ன்னு போட்டிருக்கு. மேல 'எதில்'னு இருக்கு. பாத்தாலே தெரியுதே."

பார்த்தால் தெரிகிறது. இருபத்திரண்டு வருடம் முன்பு அந்தத் திரையில் இருக்கும் வேற்றுமொழி எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். ஐந்தாம் பதிப்பு வந்தபோது மேல் பெட்டிதான் "எதிலிருந்து". பிறகு மென்பொருள்காரர்கள் புதிய பதிப்பில் என்ன நினைத்தார்களோ, இரண்டு பெட்டிகளையும் மேலும் கீழுமாக மாற்றிவிட்டார்கள். வேறு எதையும் தொடவில்லை. கையேட்டுக்காரர் ஏழாம் படியை ஐந்தாம் பதிப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டார். இந்த மாதிரி தவறைப் பிடிப்பதற்குத்தான் சோதனையே. அச்சுக்கு முன் சோதித்த அன்றைக்கு அவளுடைய காது தவறான படியைக் கேட்டது. கை அதைத் திருத்திக்கொண்டு சரியாகச் செய்தது. வாய் "ஆச்சு" என்றது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் டிக் போட்டார். நாலாயிரம் பிரதி.

"அப்போ... அன்னிக்கும் இப்படித்தான் செஞ்சிருப்பேனா?"

அவர் ஏழாம் படியைப் பென்சிலால் அடித்தார்.

"சத்தியமா ஞாபகம் இல்லைங்க. கை தானா போகுது." அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதுக்காகத்தானே என்னை இங்க உக்கார வெச்சீங்க? தெரிஞ்சு போச்சு. எப்பத் தெரிஞ்சுதுன்னு எனக்கே தெரியல."

"நீ ஒண்ணும் தப்பு செய்யல."

"அதைத்தான் நானும் சொல்றேன். சரியா செஞ்சதுதான் தப்பு."

அழைப்பு மணி அடித்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். முன்னால் நின்ற அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தையல்காரர் என்று சொல்லாமலே தெரிந்தது. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து பஸ் ஏறி வந்திருந்தார். பின்னால் அவருடைய மகள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. தொண்டையைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி. கையில் சின்ன நோட்டு, அதன் சுருளில் செருகிய பேனா.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் மனைவி.

தையல்காரம்மா உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த டிஸ்க்கை மேசைமேல் வைத்தார். அதற்கென்று உறை ஒன்று தைத்திருந்தார். உள்ளே பஞ்சு வைத்த உறை.

"சார், உங்க புத்தகம் ஆறு வெச்சிருக்கேன். கடையில பில் போடறது, அளவு எழுதி வெக்கறது எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். நீங்க சொன்னதைத் தவிர ஒரு பட்டனைத் தொட்டது இல்ல."

"தெரியும்மா. இதுல என்ன இருந்துச்சு?"

தையல்காரம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "இவ குரல் சார்."

அந்தப் பெண் ஒரு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று எட்டு வருடம் சொன்னவள். தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு வழி இருந்தது. ஒருவர் தன் குரலில் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால், அதை வைத்து ஒரு குரலைக் கட்டித் தருவார்கள். பிறகு அவர் எதைத் தட்டச்சு செய்தாலும் கருவி அவர் குரலிலேயே பேசும்.

ஏன் அத்தனை வாக்கியம்? ஒவ்வொரு ஒலியும் பக்கத்து ஒலியோடு சேரும்போது கொஞ்சம் உருமாறும். எல்லாச் சேர்க்கையும் ஒரு முறையாவது வந்தாக வேண்டும். அதனால் வாக்கியங்களுக்கு அர்த்தம் இருக்காது. "நீலக் குடையை ஆமை விழுங்கவில்லை" என்று ஒன்று. "ஞாயிற்றுக்கிழமை கிழிந்த பஞ்சு மெத்தை" என்று இன்னொன்று. தையல் கடையில் துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆறு வாரம் வாசித்தாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். அத்தனை நல்ல பதிவறை பணம் கொடுத்தாலும் கிடைக்காது. கடன் வாங்கிய லேப்டாப்பில் இடம் போதாமல் நேராக டிஸ்க்கிலேயே பதிந்தார்கள். மூன்று மாதம் முன்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறியதும் பதிவுகளை அனுப்புவதாக இருந்தார்கள்.

"ஒரே ஒரு டிஸ்க்தானே இருக்கு, கைதவறி விழுந்துட்டா என்ன செய்யறதுன்னு பயம் வந்துடுச்சு சார். இவ மதியம் தூங்கறப்ப நான்தான் புதுசு வாங்கிட்டு வந்து செஞ்சேன்."

"பஸ் ஸ்டாண்டுல?" மனைவி மெல்லக் கேட்டாள். "அங்க ஏதாவது பதிஞ்சு வெச்சிருப்பாங்களே?"

அறிவிப்பாளர் இல்லை என்று தலையை ஆட்டினாள். நோட்டில் எழுதிக் காட்டினாள். நேரடி மைக். எதுவும் சேமிக்க மாட்டார்கள்.

கையேட்டுக்காரர் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்தார்.

"பாதியில நிறுத்தினீங்களா அம்மா? கரண்டு ஏதாவது போச்சா?"

"இல்ல சார். எட்டாவது படில 'எக்காரணம் கொண்டும் இடையில் நிறுத்தாதீர்கள்'னு தடிச்ச எழுத்துல போட்டிருந்தீங்களே. பக்கத்துலயே காவலுக்கு உக்காந்திருந்தேன். அஞ்சு மணி நேரம்."

அவர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார்.

அழிப்பது வேறு, மேலே எழுதுவது வேறு. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் சோம்பேறித்தனம் செய்யும். பொருளடக்கத்தில் அதன் பெயரை அடித்துவிட்டுப் போய்விடும். பக்கம் பக்கமாக விஷயம் உள்ளேயே கிடக்கும். அப்படிப் போனதை மீட்டெடுக்கலாம். கையேட்டுக்காரர் எத்தனையோ பேருக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் நகல் எடுக்கும் மென்பொருளுக்குச் சோம்பல் கிடையாது. அது புது டிஸ்க்கைப் பார்த்தது. புது டிஸ்க்கில் பூஜ்யத்தைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் பூஜ்யங்களை ஒன்று விடாமல், வரிசை மாறாமல், பழைய டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியது. எழுதி முடித்தபின் சரியாக எழுதியிருக்கிறோமா என்று முதலிலிருந்து ஒரு தடவை சரிபார்த்தும் கொண்டது.

திரையில் டிஸ்க்கின் உள்பக்கம் விரிந்தது. முதல் நாலைந்து வரிகளில் புது டிஸ்க்கின் அடையாள எழுத்துகள். பிறகு பூஜ்யம். அவர் நடுவுக்குப் போனார். பூஜ்யம். முக்கால் பங்குக்குப் போனார். கடைசிக்கு. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று முப்பது நாற்பது இடங்களில் குத்திக் குத்திப் பார்த்தார். பூஜ்யம்.

"அம்மா, டிஸ்க்குங்கறது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. இப்போ ஒரு நோட்டுல பென்சில்ல எழுதினதை ரப்பர்ல அழிச்சா, லேசா தடம் இருக்கும். ஆனா..."

"என்னங்க" என்றாள் மனைவி. "வெளக்காதீங்க. இருக்கா, இல்லையா, அதைச் சொல்லுங்க."

"இல்ல" என்றார் அவர்.

தையல்காரம்மா இப்போதுதான் உட்கார்ந்தார். கழுத்தில் நாடா தொங்குவது தெரிந்து, அதை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"வேற ஏதாவது படி இருக்கா சார்? எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவாயில்ல. நூறு படி இருந்தாலும் செய்யறேன். தப்பில்லாம செய்வேன்."

"இல்லம்மா."

"அன்னிக்கு நான் எங்கயாவது தப்பா...?"

"நீங்க சொன்னபடிதான் செஞ்சீங்க. சொன்னதுதான் தப்பு. அது என் தப்பு."

"என் தப்பும்தான்" என்றாள் மனைவி. "புத்தகத்தைச் சோதிக்கறது நான். உங்களை மாதிரி செஞ்சு பாக்கணும். நான் என்னை மாதிரி செஞ்சுட்டேன்."

தையல்காரம்மாவுக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. நாடாவைச் சுற்றி முடித்துவிட்டு மறுபடி பிரித்தார். "நான்தான் பட்டனை அழுத்தினேன்" என்றார். "இவ பெத்த அம்மா நான். இவ மொதமொதல்ல 'அம்மா'ன்னு சொன்னப்பக்கூட நான் பதிஞ்சு வெக்கல. அப்போ எங்ககிட்ட எதுவும் கிடையாது. இப்பக் கெடச்சதையும் நானே..."

அறிவிப்பாளர் அம்மாவின் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். போதும் என்கிற தட்டு. பிறகு நோட்டைத் திறந்து எழுதி, கையேட்டுக்காரருக்கு நேராகத் திருப்பினாள். வாசித்துவிட்டு அவர் நிமிரவில்லை.

"என்ன கேக்கறா?" என்றாள் மனைவி.

"இந்தப் படியைச் செஞ்சது நாங்க மட்டும்தானா, வேற யாராவது எழுதினாங்களான்னு கேக்கறாங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்லம்மா. வேற யாரும் எழுதல. எழுதியிருந்தா எனக்கு..."

"எழுதினாங்கப்பா."

உள்ளறை வாசலில் பொடிசு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் ஒரு அஞ்சல் அட்டை.

இந்த வீட்டுக்கு வாரத்துக்கு முப்பது நாற்பது கேள்விகள் வரும். பொடிசு அவற்றை மூன்றாகப் பிரிப்பாள். புதுக் கேள்வி என்றால் அப்பாவுக்கு. பாராட்டு என்றால் அம்மாவுக்கு. புத்தகத்தைச் சரியாகப் படிக்காமல் கேட்டது என்றால் அவளே பதில் போட்டுவிடுவாள். மூன்றாம் கட்டுத்தான் எப்போதும் பெரியது. பத்தில் ஒன்பது பேர் அடுத்த வரியில் இருக்கும் பதிலைத்தான் கேட்பார்கள். அவர்களுக்கென்று அவள் ஒரு பதிலைத் தட்டச்சு செய்து நகல் எடுத்து வைத்திருந்தாள். கீழே அப்பாவின் கையெழுத்து முத்திரை.

"என்ன அது?" என்றார் அப்பா.

"நாப்பது நாளைக்கு முன்னாடி வந்துச்சு." பொடிசு வாசித்தாள். வாசிக்க வாசிக்கக் குரல் தேய்ந்தது. "'ஐயா, பக்கம் 143, படி 7. மேல் பெட்டியில் பழையது என்கிறீர்கள். திரையில் கீழ்ப் பெட்டிதான் அதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு இதில் அதிகம் தெரியாது. தங்கள் பதில் வரும் வரை தொடாமல் வைத்திருக்கிறேன். இப்படிக்கு, வாசகன்.' கீழ ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் குடுக்கல?"

"ஆறாம் பதிப்புப்பா. ஆறு தடவை சோதிச்ச படி. அதுல தப்பு இருக்கும்னு எப்படி நினைப்பேன்? சரியாப் படிக்கலன்னு நினைச்சேன்."

"என்ன பதில் போட்ட?"

பொடிசு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதில் அதில் இல்லை.

"சொல்லுடி" என்றாள் மனைவி.

"'புத்தகத்தில் உள்ளபடியே செய்யவும். தயக்கம் வேண்டாம்.'"

தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக நகரும் கீச்சொலி கேட்டது.

"எப்போ அனுப்பின?"

"பதினோரு நாள் ஆச்சு. கட்டு சேர்ந்து போயிருந்துச்சுப்பா, ஒரே நாள்ல எல்லாத்துக்கும் போட்டேன்."

பதினோரு நாள். கடிதம் போய்ச் சேர மூன்று நாள், நான்கு நாள். அதே அளவு டிஸ்க்கைத் தேடி வாங்க ஒரு வாரம். கையேட்டுக்காரர் கணக்குப் போட்டபடியே போனை எடுத்தார். அட்டையைப் பார்த்து எண்களை அழுத்தினார். ஒலிபெருக்கியில் போட்டு, டிஸ்க்குக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார்.

மணி அடித்தது. ஆறு, ஏழு, எட்டு. பொடிசு அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, யாரு?"

வயதான குரல். தெளிவான, சுறுசுறுப்பான குரல். கையேட்டுக்காரர் தன்னை இன்னார் என்று சொன்னார்.

"சாரா? நீங்களேவா? அடடா!" அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "பதில் போட்டதே பெரிசு, இப்போ போனும் பண்றீங்க. எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு! பாருங்க, எனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். மேல கீழன்னு போட்டுக் குழப்பிக்கிட்டு ஒரு மாசம் கையே வெக்கல. உங்க கடுதாசி வந்த பிறகுதான் தைரியமே வந்துச்சு."

"ஐயா, நீங்க அதை..."

"விடியக்காலையிலயே ஆரம்பிச்சேன் சார். ஜோரா ஓடிட்டிருக்கு. இப்போ... கண்ணாடி எங்க... ஆங், தொண்ணூத்தி மூணு."

தொண்ணூற்று மூன்று சதவீதம்.

கையேட்டுக்காரர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக் குனிந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தொடங்கினார்.

"ஐயா, பதட்டப்படாதீங்க. முதல்ல திரையோட வலது கீழ் மூலைய பாருங்க. அங்க சின்னதா ஒரு..."

"வலது கீழயா? இருங்க சார், எழுதிக்கறேன். பேனா..."

படாரென்று ஒரு சத்தம். அறிவிப்பாளர் உள்ளங்கையால் மேசையை அறைந்திருந்தாள். அவளுடைய வாய் அகலத் திறந்து மூடியது. காற்று மட்டும் வந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சுவரில் இருந்த மின்சாரப் பலகையைக் காட்டினாள். முஷ்டியை மூடி, ஒரு இழு இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

தையல்காரம்மா போன்மேல் கவிழ்ந்தார்.

"ஒயரைப் பிடுங்குங்க ஐயா! சுவத்துல இருக்கற ஒயரை! இப்பவே பிடுங்குங்க!"

"யாரது? சார்?"

"பிடுங்குங்க!"

ஏதோ சாய்ந்தது. ஏதோ உருண்டது. பெருமூச்சு. பிறகு அமைதி. அந்தப் பக்கத்தில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மெல்லிய விசிறிச் சத்தம் நின்றுபோயிருப்பது இங்கே எல்லோருக்கும் கேட்டது.

"பிடுங்கிட்டேன்" என்றார் அந்த மனிதர். "திரை கறுப்பாயிடுச்சு. என்னாச்சு சார்?"

கையேட்டுக்காரர் சொன்னார். மூன்றே வாக்கியம். அவருடைய வாழ்நாளில் ஒரு விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக அவர் சொன்னதில்லை. இப்போது யாரும் அவரை நிறுத்தவில்லை.

"அப்போ நான் முதல்ல நினைச்சதுதான் சரியா?"

"ஆமா ஐயா. நீங்கதான் சரி."

"தொண்ணூத்தி மூணு போனா, மிச்சம் ஏழு இருக்குமில்ல?"

"நீங்க பேனா தேடின நேரம் போக... ஆறோ ஆறரையோ இருக்கும். எது இருக்கும்னு சொல்ல முடியாது. துண்டு துண்டா இருக்கும்."

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம். தூரத்தில் நிறையப் பேர் பேசும் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை. கதவு மூடிக்கொண்டது. மறுபடி பேசியபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்.

"சார், இது என்னோடது இல்ல. ஊர்க்காரங்க என்னை நம்பிக் குடுத்தது. காலையிலேருந்து எல்லாரும் வெளியதான் ஒக்காந்திருக்காங்க. முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. இப்போ நான் எழுந்து போய் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"